உள்பக்கம் சாய்த்து வைக்கிறவர்

‘நல்லா இருக்கு’ என்று அவர் எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை. கடம்பூர் போளியைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை. அவருக்குச் சொந்த ஊரே கடம்பூர்தான். அந்த ஊர்க்காரர்கள் மற்ற விஷயங்களில் எப்படியோ, போளி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலையில் வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்து லேப் மேஜையில் வைப்பார். நெய் காகிதத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கும். “எப்படி சார் இருக்கு?” என்று கேட்டால், “திங்கலாம்” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. என் வீட்டுக்காரர் வாசித்துவிடுவார் என்ற பயமெல்லாம் இல்லை. அவர் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர எதையும் வாசிக்கிற ஆள் இல்லை. அந்தப் பெயரை நான் கடம்பூர்க்காரர் எதிரில் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் சார்தான். அன்றைக்குக் கூப்பிடாத பெயரை இன்றைக்குக் காகிதத்தில் கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கோவில்பட்டிக்கு வெளியே ரயில்வே மேம்பாலத்துக்கு ஏறுபாதை கட்டிக்கொண்டிருந்தோம். நான் சைட்டில் மண் சோதனை லேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுபாதையின் இரண்டு பக்கமும் மண் சரியாமல் நிற்பதற்கான சுவர் அவர் பொறுப்பு. எனக்கு இருபத்தாறு வயது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. இன்றைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் என்று பதினான்கு மாதம் காத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறாள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

ஆனால் சுவரைச் சொல்லாமல் அவரைச் சொல்லவும் முடியாது.

மேம்பாலத்துக்கு ஏறும்போது இரண்டு பக்கமும் கான்கிரீட் பலகைகள் அடுக்கி வைத்த மாதிரி ஒரு சுவர் தெரியுமே, அதுதான் அந்தச் சுவர். பார்க்கிறவர்கள் அந்தப் பலகைகள்தான் உள்ளே இருக்கும் மண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் பலகை வெறும் தோல். ஒவ்வொரு பலகையின் முதுகிலிருந்தும் பட்டைகள் மண்ணுக்குள் நீளமாகப் போகும். அடுக்கடுக்காக மண்ணைப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் பட்டைகளை விரித்து, அதன்மேல் மறுபடியும் மண் போட்டு ரோலர் விடுவோம். மண்ணின் பாரமே பட்டையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், பட்டை பலகையைப் பிடித்துக்கொள்ளும். மண்ணை மண்ணே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதில் ஒரு விஷயம் உண்டு. சும்மா கிடக்கிற பட்டை எந்தப் பாரத்தையும் தாங்காது. மண் கொஞ்சம் வெளியே தள்ளி, பட்டை கொஞ்சம் இழுபட்டால்தான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆகவே சுவர் அசையத்தான் வேண்டும். எவ்வளவு அசையும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்து, பலகையை நிறுத்தும்போதே அந்த அளவுக்கு உள்பக்கம் சாய்த்து நிறுத்துவார்கள். மண் ஏறி, ரோலர் ஓடி, பாரம் வர வர, சாய்ந்து நின்ற பலகை தானாக நிமிர்ந்து நேருக்கு வரும்.

“மொதல்லயே நேரா வச்சா என்ன சார்?” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“வைக்கலாம். பொறவு கொஞ்சம் வெளிய வந்துரும்” என்றார்.

அந்த ‘கொஞ்சம்’ எனக்குப் பழகுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒருமுறை உடம்பு அனலாகக் கொதிக்க, நின்று கிரேனில் பலகை ஏற்றிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டுகிற அண்ணாச்சிதான் தற்செயலாகக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். நான் போய்க் கேட்டால், “லேசா வெதுவெதுன்னு இருக்கு மேடம்” என்றார். இன்னொரு நாள் சரள் மண் ஏற்றிய டிப்பர் ரிவர்ஸில் வந்து, அவர் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் டிரைவரிடம் போய், “கொஞ்சம் பக்கத்துல வந்துட்டீங்க அண்ணாச்சி” என்றார்.

நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இவர் எதைச் சொன்னாலும் நான்கால் பெருக்கிக்கொள்வது. ‘திங்கலாம்’ என்றால் தேவாமிர்தம். ‘பரவால்ல’ என்றால் பிரமாதம். ஒருநாள் மேனேஜரிடம் அவர் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். “லேப் மேடம் லீவு போட்டா வேலை கொஞ்சம் மெதுவாப் போவுது சார்.” அன்றைக்கு வீட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே நான்கால் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன். நான் இறங்கவேண்டிய எட்டயபுரம் ரோட்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

எங்கள் இருவருக்கும் தினம் பார்க்கவேண்டிய வேலை இருந்தது. ஒரு அடுக்கு மண்ணுக்கு ரோலர் ஓடி முடிந்ததும், நான் போய் ஒரு சின்னக் குழி தோண்டவேண்டும். தோண்டிய மண்ணை எடைபோட்டு, குழியில் மணல் ஊற்றி எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்து, மண் போதுமான அளவு இறுகியிருக்கிறதா என்று சொல்லவேண்டும். நான் கையெழுத்துப் போடாமல் அவர் அடுத்த அடுக்கைப் பரப்ப முடியாது. மற்ற இன்ஜினியர்கள் என்னிடம் மல்லுக்கு நிற்பார்கள். “மேடம், அரைப் பாயிண்டுதான குறையுது, போட்டு விடுங்க” என்பார்கள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “இறுகல சார்” என்றால், “சரி, இன்னொருக்கா உருட்டுவோம்” என்று திரும்பிவிடுவார்.

நான் குழி தோண்ட உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். கரிசல்காட்டு வெயில். மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. தூரத்தில் சீமைக்கருவேலம் மட்டும் தெரியும். அவருடைய நிழல் சரியாக என் தலைமேல் விழும். தற்செயலா வேண்டுமென்றா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று, காரணமே இல்லாமல் நான்கடி தள்ளிப்போய் வேறு இடத்தில் தோண்ட உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் கழித்து நிழலும் நகர்ந்து வந்தது. அவர் மேலே எங்கேயோ ரயில் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊற்றிய மணல் குழிக்கு வெளியே கொட்டியது. அந்தச் சோதனையை மறுபடியும் முதலிலிருந்து செய்தேன்.

இப்படி ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரம் வரும். சாப்பாட்டு நேரத்தில் வேண்டுமென்றே, “நேத்து வீட்டுக்கு விருதுநகர்லேருந்து பொண்ணு பாக்க வந்தாவ” என்று யாரிடமோ சொல்லுகிற மாதிரி அவர் காதில் விழச் சொன்னேன். அவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை மட்டும் ஒரு நிமிடம் நின்றது. பிறகு, “விருதுநகர் நல்ல… பரவால்ல ஊருதான்” என்றார். டிபன் பாக்ஸை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

சுவரில் நடந்த தப்பு அவர் ஊரில் இல்லாதபோது நடந்தது. அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான்கு நாள் லீவில் மதுரைக்குப் போயிருந்தார். போவதற்கு முன்னால், சுவர் மிக உயரமாக வருகிற இடத்தில் மூன்றாவது வரிசைப் பலகைகளை நிறுத்தி, உள்பக்கம் சாய்த்து, மர ஆப்பு வைத்து இறுக்கிவிட்டுத்தான் போனார். செவ்வாய்க்கிழமை பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சைட்டில் ஆப்பு அடிக்கவும் பலகை இணைப்பு வேலைக்கும் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் தன் ஆட்களோடு வந்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாக வீடு கட்டியவர். அவர் வைத்த சுவரில் தூக்குக்குண்டு ஒரு நூல்கூட விலகாது என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை லேப்பில் கொஞ்சம் வேலை இருந்ததால் நான் போயிருந்தேன். அன்றைக்கு லீவு. ஆனால் கொத்தனாரும் நான்கு ஆட்களும் சுவரில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் வரச்சொல்லவில்லை, அவர்களாகவே வந்திருந்தார்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரசமட்டம் பிடித்து, ஒவ்வொரு பலகையாக ஆப்பைத் தட்டித் தட்டி நேர்செய்துகொண்டிருந்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமையும் வேலையா?” என்றேன்.

“சாரு அவசரத்துல போயிட்டாவ போல. எல்லாம் உள்ள சாஞ்சு கெடக்கு. வாரவிய பாத்துட்டு, என்ன கொத்தன் வேல பாத்திருக்கான்னு கேட்டா நமக்குல்லா கேவலம்? சாருக்கும் கெட்ட பேரு. அதான், அவிய வாரதுக்குள்ள நேர் பண்ணி வச்சிருவோம்னு” என்றார்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். பத்துப் பலகைகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. “அழகா இருக்கு அண்ணாச்சி” என்று சொன்னேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மண் பார்க்கிறவளுக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்று இப்போது சொன்னால் அது பொய். ஏன் சாய்த்து வைக்கிறோம் என்பதை அவர் எனக்கு ஒருமுறை இல்லை, ஏழெட்டு முறை விளக்கியிருந்தார். விளக்கும்போதெல்லாம் நான் விஷயத்தை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன், வேறென்ன.

திங்கட்கிழமை மண் ஏறியது. நான் குழி தோண்டி, நன்றாக இறுகியிருக்கிறது என்று கையெழுத்தும் போட்டேன். செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை இன்னும் இரண்டு அடுக்கு ஏறியது. வியாழக்கிழமை காலையில் அவர் வந்தார். போளிப் பொட்டலத்தை லேப்பில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரின் ஒரு கோடியில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் நீளத்துக்குப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் வெளிய வந்திருக்கு” என்றார்.

நானும் போய்ப் பார்த்தேன். இரண்டு விரல் அளவுக்கு வெளியே தள்ளியிருந்தது. அதற்கு மேல் இன்னும் ஐந்து வரிசை ஏறவேண்டும்.

மேனேஜர் வந்தார். அவர் சென்னைக்காரர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன், வேலை முடிக்கவேண்டிய அவசரம் அவருக்கு. “மேல வர்ற வரிசைய உள்ள தள்ளி வச்சு அட்ஜஸ்ட் பண்ணிடலாம். யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?” என்றார்.

“பிரிச்சிரணும் சார்” என்றார் இவர்.

லேசாகப் பிரிக்கலாம் என்றோ, பிரித்தால் பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. பிரிச்சிரணும் என்றார். பதினான்கு மாதத்தில் அவர் குறைக்காமல் சொல்லி நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான். அப்படியென்றால் இந்த மனுஷனுக்கு முழுசாகச் சொல்லவும் தெரியும். சொல்லவேண்டிய இடம் என்று அவர் நினைக்கிற இடத்தில் சொல்லுவார். எனக்கு அந்தச் சுவர்மேல் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

“சரி, யார் இத நேர் பண்ணச் சொன்னது?” என்று மேனேஜர் கத்தினார்.

கொத்தனார் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் நான் நின்றேன். அழகாக இருக்கிறது என்று சொன்னவள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் வரைக்கும் வந்தது.

“நான் லீவுல போறதுக்கு முன்னால இவங்களுக்கு ஒழுங்காச் சொல்லிட்டுப் போவல சார். எந் தப்புதான்” என்று அவர் சொல்லிவிட்டார். எழுதியும் கொடுத்துவிட்டார். நான் எடுத்த வாயை மூடிக்கொண்டேன். ஊரில் எல்லாரும் என்னை வாயாடி என்பார்கள். என் அம்மா, “ஏட்டி, ஒனக்கு வாய் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்” என்று தினமும் திட்டுவாள். அப்பேர்ப்பட்ட வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

சாயந்திரம் பாலத்துத் தூணுக்குக் கீழே அவரைப் பிடித்துக்கொண்டேன். “ஏன் சார் எல்லாத்தையும் உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிடுதீங்க? கொத்தனார் செஞ்சாரு, நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். சொல்லவேண்டியதுதான?”

“என்னத்தச் சொல்ல? நேரா நிக்கணும்னுதான மேடம் செஞ்சிருக்காவ. லீவு நாள்ல வந்து, கூலிகூடக் கேக்காம. அதப் போயி தப்புன்னு எப்படிச் சொல்லுவீங்க?”

“ஒங்களுக்குக் கெட்ட பேருல்லா வருது.”

“கொஞ்சம் வரும்” என்றார்.

சுவரைப் பிரிக்க ஒன்பது நாள் ஆயிற்று. மண்ணை இயந்திரம் வைத்து அள்ளினால் பட்டைகள் அறுந்துபோகும் என்று கடைசி ஒரு சாண் மண்ணை மண்வெட்டியாலும் கையாலும் எடுத்தார்கள். கொத்தனார் ஒருநாள்கூட லீவு போடாமல் வந்து நின்றார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது இவர் கொத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அண்ணாச்சி, கயித்துக் கட்டில் கட்டுவீங்களா?”

“கட்டுவேன் சாரு. எங்க வீட்டுக் கட்டில் எல்லாம் நான் கட்டுனதுதான்.”

“கயித்த ஏன் அம்புட்டு முறுக்கா இழுத்துக் கட்டுதீங்க? தேவைக்கு இழுத்தாப் போதும்லா?”

“ஆள் படுத்தா தொய்யும்லா சாரு. மொதல்லயே இழுத்துக் கட்டுனாத்தான் படுக்கும்போது சரியா இருக்கும்.”

“அதேதான் அண்ணாச்சி. இதும் ஆள் படுக்கப்போற கட்டிலுதான்.”

கொத்தனார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், சாய்த்து நிறுத்தியிருந்த பலகையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா சாரு” என்றார். இவர், “சொல்லியிருக்கலாம்” என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவர் சொல்லாமல் விட்டதெல்லாம் யார் யார் தலையில் போய் விடிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் பஸ் அந்த ஏறுபாதை வழியாகத்தான் போகும். கரிசல் மண் லேசுப்பட்ட மண் இல்லை. கோடையில் ஒரு கை உள்ளே போகிற அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் உப்பி, வெடிப்பையெல்லாம் மூடிக்கொண்டு மேலே எழும்பும். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் இரண்டு மழைக்காலத்தில் மூன்று துண்டாகிவிட்டது. பாலத்துச் சுவருக்கு அடியில் ஆழமாகத் தோண்டிக் கரிசலை எடுத்துவிட்டுச் சரள் போட்டிருந்தாலும், அதற்கும் கீழே கரிசல்தானே. அது மூச்சு விடும்போது சுவரும் கூடவே கொஞ்சம் ஏறி இறங்குகிறது. பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு இடத்தில் விரிந்தும் ஒரு இடத்தில் நெருங்கியும் இருக்கிறது. ஒரு பலகைகூட உடையவில்லை. “போற எடத்துக்குப் போவட்டும் மேடம், நாம இறுக்கிப் புடிச்சாத்தான் ஒடையும்” என்று சார் அப்போது சொல்லுவார். பஸ் அந்த இடத்தைத் தாண்ட அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தில் நான் யாரிடமும் பேசுவதில்லை. என் மகள் ஏதாவது கேட்டால்கூட, “இரு” என்று சொல்லிவிடுவேன்.

பிரித்துக் கட்டிய சுவர் மேல்வரைக்கும் ஏறி முடிந்த மாதம், அவரை ராமநாதபுரம் பக்கம் வேறொரு பாலத்துக்கு மாற்றிவிட்டார்கள். எழுதிக் கொடுத்த காகிதம் வேலை செய்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசி நாள் அவர் லேப்புக்கு வந்தார். நான் மண் காயவைத்த தட்டுகளை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்காகவே மாம்பழக் கலர் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன், மண் சோதனை செய்ய.

நின்றார். சல்லடைகளை அளவு வாரியாக அடுக்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. பிறகு, “அம்மா ஒங்கள ஒருக்கா பாக்கணும்னு சொல்லிட்டிருந்தா” என்றார்.

நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் பதினான்கு மாதக் கோபம் எனக்குள்ளே இருந்ததே. இதிலும் குறைத்தா சொல்லவேண்டும்? இந்த ஒன்றையாவது முழுசாகச் சொல்லட்டும், சுவருக்குச் சொன்னாரே அது மாதிரி. நான் தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன்.

“எதுக்கு சார்?”

அவர் என்னைப் பார்த்தார். சல்லடையைப் பார்த்தார். “சும்மாதான்” என்றார்.

சும்மாவை நான்கால் பெருக்கினால் என்ன வரும்? நான், “சும்மான்னா இன்னொரு நாள் பாத்துக்கிடலாம் சார்” என்றேன். அவர், “ஆமா, பாத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு, வாசலில் ஒரு நிமிடம் நின்று, போய்விட்டார். வெளியே அவருடைய பைக் முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையிலும் கிளம்பவில்லை. நான் ஜன்னல் பக்கம் போயிருக்கலாம். தட்டில் இருந்த காய்ந்த மண்ணை எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய அம்மா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருந்த நேரம் அது. யாரையும் சும்மா பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிற நேரம் இல்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. தினமும் எடுத்துப் பார்த்தேன். அவரே கூப்பிடட்டும் என்று திரும்ப வைத்துவிட்டேன். எங்கள் அப்பா சம்மதித்திருப்பாரா என்றால், அதுவும் தெரியாது. அவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், சொந்தத்துக்குள்ளேயே கொடுக்கவேண்டும் என்கிற ஆள். ஆனால் சண்டை போட்டிருப்பேன். அதற்குத் தெம்பு இருந்தது. சண்டை போட ஒரு வார்த்தையாவது கையில் வேண்டாமா என்றுதான் எனக்கு இருந்தது.

ஐந்து மாதம் கழித்து மாப்பிள்ளை அமைந்தது. தாலுகா ஆபீஸில் வேலை, அமைதியான மனிதர். அப்பா என்னைக் கடைக்கு வரச்சொல்லி, ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் எதிரே உட்காரவைத்துக் கேட்டார்.

“ஒனக்குச் சம்மதந்தானாம்மா? மனசுல வேற ஏதாவது இருந்தா இப்பமே சொல்லிரு. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அப்பா அப்படிக் கேட்பார் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. கேட்டார். பதிலுக்காக வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ குடம் விலை கேட்டதற்கு, “பொறவு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

“ஒங்க இஷ்டம்ப்பா” என்றேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமுடியாது. எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டு ரசம் வைக்கிறவர். இதை எழுதுவதால் அவருக்கு நான் எதையும் குறைத்துவிட்டதாகவும் நினைக்கவில்லை. ஆனாலும் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில், வெயிலில் குனிந்து எதையாவது எடுக்கும்போது தலைமேல் ஒரு நிழல் விழுந்தால், யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எனக்கு மனம் கிடந்து துடிக்கும். அது போகவில்லை. போகும் என்று இப்போது எதிர்பார்ப்பதும் இல்லை.

கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தேன், தபாலில், சைட் விலாசத்துக்கு. வரமாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்து, மண்டபத்தில் மேடைக்குக் கீழே ஒரு நீண்ட வரிசை நின்றுகொண்டிருந்தபோது, அந்த வரிசையில் அவர் தலை தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை. கழுத்து வெயிலில் இன்னும் கறுத்திருந்தது. அவருக்கு முன்னால் இருபது பேர், பதினைந்து பேர், ஆறு பேர் என்று வரிசை குறைந்துகொண்டே வந்தது. மேடை ஏறினார். மாப்பிள்ளை கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். போட்டோக்காரர், “சார், கேமராவப் பாருங்க” என்றார். இரண்டு பேரும் கேமராவைப் பார்த்தோம்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். “வாரேன் மேடம்” என்றார்.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். “சாப்பிட்டுட்டுப் போங்க சார்” என்றேன்.

சரி என்று தலையசைத்துவிட்டு இறங்கினார். அதற்குள் விருதுநகர்ச் சித்தி குடும்பத்தோடு மேடை ஏறிவிட்டாள். நான் சித்தி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வாசலும் வெளியே போகிற வாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, அந்த இடத்தில் ஒரே கூட்டம். சாயந்திரம் அம்மாவிடம், பந்தியில் கடம்பூர் சார் உட்கார்ந்தாரா, யாராவது கவனித்தீர்களா என்று கேட்டேன். “எந்த சாரு? ஆயிரம் பேரு வந்தாவ, யாரக் கண்டேன்” என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் போனாரா, அப்படியே போய்விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.